சென்சார் அளவும் கூர்மை ஆழமும்: லென்ஸின் துவாரத்தை அளந்து பாருங்கள்

50 மி.மீ. லென்ஸ் ஒன்றை ஃபுல் ஃபிரேம் கேமராவில் (36 × 24 மி.மீ. சென்சார், அதாவது படத்தைப் பதியும் சில்லு, உள்ளது) மாட்டி, எஃப்/2 (லென்ஸின் துவார அளவைக் குறிக்கும் எண்; எண் சிறிதானால் துவாரம் பெரிது) வைத்து, 2 மீட்டரில் நிற்பவரைப் படமெடுத்தால் கூர்மையாகத் தெரியும் பகுதி முன்னும் பின்னுமாகச் சேர்த்து சுமார் 19 செ.மீ. அதே லென்ஸைக் கழற்றிக் கிராப் சென்சார் (ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய சென்சார்) கேமராவில் மாட்டி, அதே இடத்தில் நின்று, அதே எஃப்/2-இல் எடுத்தால் அது 12.5 செ.மீ. ஆகிவிடுகிறது. சென்சார் சிறிதானதும் கூர்மை ஆழம் குறைந்திருக்கிறது. “சின்ன சென்சாரில் பின்னணி மங்காது” என்று கேட்டுப் பழகியவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். கணக்கும் சரி, கேட்டுப் பழகியதும் சரி. இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கான பதில்கள், அவ்வளவுதான். எந்தக் கேள்வியைக் கேட்கிறோம் என்பது தெளிவானால் கையில் இருக்கும் கேமராவை வைத்தே வேண்டிய அளவு மங்கலையும், வேண்டிய அளவு கூர்மையையும் கொண்டுவந்துவிடலாம்.

முதலில் சொல்லில் ஒரு சிக்கல். பின்னணி நன்றாகக் கரைந்திருக்கும் படத்தைப் பார்த்து “டெப்த் செமையா இருக்கு” என்கிறோம். ஆனால் டெப்த் ஆஃப் ஃபீல்டு என்பது கூர்மையாக இருக்கும் பகுதியின் தடிமன். பின்னணி கரைந்த படத்தில் அது குறைவு. இந்தக் குழப்பத்தைத் தவிர்க்க இங்கே கூர்மையாக இருக்கும் தடிமனைக் கூர்மை ஆழம் என்றும், பின்னால் இருப்பது கரைவதை மங்கல் என்றும் பிரித்தே எழுதுகிறோம். இரண்டும் ஒன்றல்ல என்பது போகப்போகத் தெரியும். போர்ட்ரெய்ட் எடுப்பவர்களுக்கு இந்த வேறுபாடு நிறையப் பயன் தரும்.

ஒரே கேமராவில் சோதித்துப் பார்க்க

இதைப் புரிந்துகொள்ள இரண்டு கேமரா தேவையில்லை. ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் கேமராக்கள் பலவற்றிலும் கிராப் வசதி இருக்கிறது. நிக்கானில் டி.எக்ஸ்., சோனியில் ஏ.பி.எஸ்.-சி, கேனனில் 1.6 கிராப் என்ற பெயரில் மெனுவில் இருக்கும். அதை இயக்கினால் சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் கேமரா எடுத்துக்கொள்ளும். சிறிய சென்சார் என்பதும் சரியாக அதுதான்.

தையல் டேப் ஒன்றை நீளமான மேசையில் நேராக விரியுங்கள். பூஜ்யம் கேமராப் பக்கம் இருக்கட்டும். டேப்பின் பூஜ்யத்திலிருந்து 1.25 மீட்டர் தள்ளி டிரைபாடில் கேமராவை நிறுத்தி, டேப்பைச் சற்றே மேலிருந்து பார்க்கும்படி வையுங்கள். இப்போது 75 செ.மீ. கோடு கேமராவிலிருந்து 2 மீட்டரில் இருக்கும். ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிட்டு, திரையைப் பெரிதாக்கி, அந்த 75-இல் கையால் ஃபோகஸ் செய்யுங்கள். 50 மி.மீ., எஃப்/2, 2 நொடி டைமர்.

முதல் படம், முழு சென்சாரில். இரண்டாவது, எதையும் நகர்த்தாமல் கிராப் வசதியை மட்டும் போட்டு. மூன்றாவது, கிராப் வசதியோடு டிரைபாடை 1 மீட்டர் பின்னால் தள்ளி, மறுபடி 75-இல் ஃபோகஸ் செய்து. மூன்று படங்களையும் கணினித் திரையில் ஒரே அகலத்துக்கு நிரப்பிப் பாருங்கள். முதல் படத்தில் சுமார் 66-இலிருந்து 85 வரை எண்கள் கூர்மையாக இருக்கும். இரண்டாவதில் 69-இலிருந்து 81 வரை. மூன்றாவதில் 61 அல்லது 62-இல் தொடங்கி 90 வரை. எல்லை கோடு கிழித்ததுபோல் இருக்காது. கூர்மை மெல்ல மெல்லக் குறையும், அதனால் ஓரிரு செ.மீ. முன்பின் வரலாம். வரிசை மாறாது.

இதில் பெரும்பாலும் தவறு நடப்பது பார்க்கும் விதத்தில்தான். ஒவ்வொரு படத்தையும் 100 சதவீதம் பெரிதாக்கிப் பார்த்தால் முதல் படமும் இரண்டாவது படமும் அச்சாக ஒன்றுபோலவே இருக்கும். இருக்கத்தானே வேண்டும்? லென்ஸ் மாறவில்லை, இடம் மாறவில்லை, சென்சாரில் விழுந்த பிம்பமும் மாறவில்லை. ஆனால் யாரும் படத்தை அப்படிப் பார்ப்பதில்லை. அதே அளவு பிரிண்டாக, அதே அளவு திரையில்தான் பார்க்கிறார்கள். சிறிய சென்சாரின் பிம்பம் அந்த அளவுக்கு வர அதிகமாகப் பெரிதாக்கப்படுகிறது. பெரிதாகும்போது மங்கலும் சேர்ந்து பெரிதாகிறது. ஆழம் குறைந்தது இப்படித்தான்.

மூன்றாவது படத்தில் ஆழம் கூடியதற்கு நாம் பின்னால் போனதே காரணம். கிராப் சென்சாரில் அதே ஆளை அதே அளவு ஃபிரேமில் அடைக்க வேண்டுமானால் பின்னால் போக வேண்டும், அல்லது அகலமான லென்ஸுக்கு மாற வேண்டும். நடைமுறையில் எல்லாரும் செய்வது இதைத்தான். அதனால்தான் “சின்ன சென்சாரில் மங்கல் குறைவு” என்ற பேச்சு நிலைத்தது.

அளவுகளும் பெருக்க வேண்டிய எண்ணும்

ஃபுல் ஃபிரேம் சென்சார் 36 × 24 மி.மீ. நிக்கான், சோனி, ஃபியூஜி கிராப் சென்சார்கள் கிட்டத்தட்ட 23.5 × 15.6 மி.மீ.; பெருக்கும் எண் 1.5. கேனனில் 22.3 × 14.9 மி.மீ.; 1.6. மைக்ரோ ஃபோர் தர்ட்ஸ் 17.3 × 13 மி.மீ.; 2. ஒரு இன்ச் எனப்படும் சென்சார் 13.2 × 8.8 மி.மீ.; 2.7. அந்தப் பெயரை நம்பி 25.4 மி.மீ. என்று நினைத்துவிட வேண்டாம். பழைய வீடியோ கேமராக் குழாயின் வெளி அளவிலிருந்து வந்த பெயர் அது. சென்சாரின் மூலைவிட்டம் 16 மி.மீ.தான். நல்ல போன்களின் முதன்மைக் கேமராவில் 1/1.28 இன்ச் வகை இருந்தால் அகலம் 10 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு; பெருக்கும் எண் சுமார் 3.5. மறுபக்கம், ஃபியூஜி ஜி.எஃப்.எக்ஸ். சென்சார் 43.8 × 32.9 மி.மீ.; அதற்கு 0.79.

இந்த எண்ணால் குவிய நீளத்தை (லென்ஸின் மி.மீ. எண்ணை) மட்டும் பெருக்கிவிட்டு நிறுத்திவிடுவது விளம்பரங்களில் வழக்கம். கூர்மை ஆழத்தை ஒப்பிடும்போது எஃப் எண்ணையும் பெருக்க வேண்டும். மைக்ரோ ஃபோர் தர்ட்ஸில் 25 மி.மீ. எஃப்/2 என்றால், ஃபுல் ஃபிரேமில் 50 மி.மீ. எஃப்/4 தரும் படத்துக்குச் சமம். 2 மீட்டரில் இரண்டுக்கும் கூர்மை ஆழம் சுமார் 38 செ.மீ. வருகிறது. கிராப் சென்சாரில் 33 மி.மீ. எஃப்/2 என்றால் 50 மி.மீ. எஃப்/3, ஆழம் 29 செ.மீ.

எக்ஸ்போஷர் மட்டும் இதில் சேராது. எஃப்/2 எந்த சென்சாரிலும் எஃப்/2 வெளிச்சம்தான். லைட் மீட்டரில் எதையும் பெருக்கக் கூடாது. ஆனால் ஒரே ஷட்டர் வேகத்தில் ஒரே ஆழம் வேண்டுமென்று வைத்தால் ஐ.எஸ்.ஓ. (ஒளிக்கான உணர்திறன் அமைப்பு) மாறிவிடும். ஃபுல் ஃபிரேமில் எஃப்/4, 1/200, ஐ.எஸ்.ஓ. 800, மைக்ரோ ஃபோர் தர்ட்ஸில் எஃப்/2, 1/200, ஐ.எஸ்.ஓ. 200. இரண்டு படத்திலும் நாய்ஸ் (புள்ளி புள்ளியாகத் தெரியும் கறை) ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். ஆக, ஆழம் அதிகம் வேண்டிய வேலையில் பெரிய சென்சாரால் இருட்டில் பெரிய லாபம் கிடைப்பதில்லை. கல்யாண மேடையில் குரூப் போட்டோ எடுப்பவர்கள் புது பாடி வாங்குமுன் இதை ஒருமுறை யோசிப்பது நல்லது.

துவாரத்தின் அகலம்

பெருக்கல் எல்லாம் மறந்துபோனாலும் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். குவிய நீளத்தை எஃப் எண்ணால் வகுத்தால் வருவது லென்ஸின் முன்பக்கத்திலிருந்து பார்க்கும்போது தெரியும் துவாரத்தின் அகலம். 50 மி.மீ. எஃப்/2-இல் அது 25 மி.மீ. பத்து ரூபாய் நாணயம் 27 மி.மீ.; அதைவிடக் கொஞ்சம் சிறிது. 25 மி.மீ. எஃப்/2-இல் 12.5 மி.மீ. போனில் உண்மையான குவிய நீளம் சுமார் 6.9 மி.மீ., எஃப்/1.8, துவாரம் 3.8 மி.மீ.

ஒரே இடத்தில் நின்று, ஒரே அளவு ஃபிரேமில் எடுத்தால் மங்கலைத் தீர்மானிப்பது இந்தத் துவாரம் மட்டுமே. அதைக் கண்ணால் பார்க்கவும் வழி இருக்கிறது. ஒருவரை நிற்க வைத்து, அவருக்குப் பின்னால் வெகுதொலைவில் எரியும் தெருவிளக்கோடு சேர்த்து எடுங்கள். விளக்கு ஒரு வட்டமாக விரிந்திருக்கும். அந்த வட்டத்தை அவர் முகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். துவாரம் 25 மி.மீ. என்றால், அவர் கன்னத்தில் 25 மி.மீ. நாணயம் ஒன்றை ஒட்டினால் படத்தில் எவ்வளவு பெரிதாகத் தெரியுமோ, அந்த வட்டமும் அவ்வளவு பெரிதாகவே இருக்கும். போனில் எடுத்தால் 3.8 மி.மீ., ஒரு சின்ன மூக்குத்தி அளவு. எந்த சென்சார், எந்த பிராண்டு என்று கேட்கவே வேண்டாம். இந்த அளவு பொருந்தும்.

விளக்கு அவ்வளவு தொலைவில் இல்லையென்றால் வட்டம் சிறுக்கும். கணக்கு எளிது: ஆளுக்குப் பின்னால் பின்னணி எவ்வளவு தூரமோ அதை, கேமராவிலிருந்து பின்னணி வரையுள்ள மொத்தத் தூரத்தால் வகுத்து, துவாரத்தின் அகலத்தால் பெருக்குங்கள். ஆள் 2 மீட்டரில், சுவர் அவருக்குப் பின்னால் 2 மீட்டரில் என்றால் பாதி, 25 மி.மீ. துவாரம் 12.5 மி.மீ. வட்டம் தரும். சுவர் 6 மீட்டர் பின்னால் இருந்தால் முக்கால் பங்கு. அரை மீட்டர் பின்னால் என்றால் ஐந்தில் ஒரு பங்கு, வெறும் 5 மி.மீ. மணமக்களைச் சுவரில் சாய்த்துவிட்டு மங்கல் வரவில்லையே என்று லென்ஸை நொந்து பயனில்லை. அவர்களை நான்கு அடி முன்னால் அழைத்தால் அதே லென்ஸ் இரண்டு மடங்குக்கு மேல் மங்கல் தரும். செலவில்லாத வழி இது. கைக்குக் கிடைத்ததும் முதலில் செய்ய வேண்டியதும் இதுவே.

கிராப் கேமராவில் மங்கல் வேண்டுமென்றால்

பாடியோடு வரும் 18-55 லென்ஸை எடுத்துக்கொள்வோம். 18 மி.மீ.யில் எஃப்/3.5, துவாரம் 5 மி.மீ. 55 மி.மீ.யில் எஃப்/5.6, 9.8 மி.மீ. எஃப் எண் பெரிதாகிவிட்டதே என்று தயங்காமல் ஜூமை முழுக்க 55-க்குத் தள்ளுங்கள். துவாரம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகிறது.

அடுத்து, பலரும் வாங்கும் 50 மி.மீ. எஃப்/1.8. துவாரம் 27.8 மி.மீ., பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிது. 55-250 ஜூம் வைத்திருந்தால் 250 மி.மீ., எஃப்/5.6-இல் துவாரம் 44.6 மி.மீ. இது 50-ஐவிடப் பெரிது. அப்படியானால் எதை மாட்டுவது?

கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து, தலை முதல் மார்பு வரை, 60 செ.மீ. உயரம் ஃபிரேமில் வரும்படி எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 50 மி.மீ. லென்ஸுக்குச் சுமார் 1.4 மீட்டரில் நிற்க வேண்டும். 250-க்கு 7 மீட்டர் பின்னால் போக வேண்டும். பின்னணி ஆளுக்குப் பின்னால் 2 மீட்டரில் இருந்தால் 50 மி.மீ. லென்ஸின் மங்கல் வட்டம் 16 மி.மீ., 250-இல் 10 மி.மீ. பின்னணி 7 மீட்டரில் இருந்தால் 23-உம் 22-உம், ஏறத்தாழ சமம். அதற்கும் அப்பால் போகப்போக 250 முந்திக்கொள்ளும். வீட்டு வராந்தா, மண்டபத்து அறை போன்ற இடங்களில் 50 எஃப்/1.8. கடற்கரை, வயல்வெளி, நீண்ட சாலை என்றால் ஜூமை முழுக்க நீட்டிப் பின்னால் போங்கள்.

கூர்மை ஆழமும் மங்கலும் பிரியும் இடம் இதுவே. அதே 60 செ.மீ. ஃபிரேமில் 50 மி.மீ. எஃப்/1.8 தரும் ஆழம் சுமார் 5 செ.மீ. 250 மி.மீ. எஃப்/5.6 தருவது சுமார் 16 செ.மீ. ஃபிரேமின் அளவு மாறாதவரை குவிய நீளம் ஆழத்தைப் பெரிதாக மாற்றாது; எஃப் எண் மாற்றும். ஆகவே நீண்ட லென்ஸில் முகம் மூக்கிலிருந்து காது வரை கூர்மையாகவும், தொலைவில் இருக்கும் மரங்கள் முழுக்கக் கரைந்தும் ஒரே படத்தில் வரும். எஃப்/1.8-இல் அருகில் போய் எடுக்கும்போது முகம் சற்றுத் திரும்பியிருந்தாலே தூரத்துக் கண் மங்கிவிடுகிறது. இடம் இருந்தால் நீண்ட லென்ஸே பாதுகாப்பானது. சுமாரான வெளிச்சத்தில் 250 மி.மீ.க்கு ஷட்டர் வேகம் 1/400-க்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். லென்ஸில் ஸ்டெபிலைசர் இருந்தாலும் அது கையின் நடுக்கத்தைத்தான் தடுக்கும். ஆள் அசைவதைத் தடுக்காது.

பெரிய சென்சார் வாங்கினாலே மங்கல் கூடிவிடும் என்ற நம்பிக்கைக்கு ஜி.எஃப்.எக்ஸ். நல்ல மறுப்பு. அதற்கான 80 மி.மீ. எஃப்/1.7 லென்ஸின் துவாரம் 47 மி.மீ. ஃபுல் ஃபிரேமில் சாதாரண 85 மி.மீ. எஃப்/1.8-உம் 47 மி.மீ.தான். ஜி.எஃப்.எக்ஸின் 110 மி.மீ. எஃப்/2 கொடுப்பது 55. ஃபுல் ஃபிரேமின் 85 மி.மீ. எஃப்/1.2 கொடுப்பது 71. சென்சார் பெரிதாக இருந்தும், அதற்கு எஃப்/1.2 லென்ஸ் செய்தால் எடையும் விலையும் தாங்காது. இதேபோல் மைக்ரோ ஃபோர் தர்ட்ஸில் 42.5 மி.மீ. எஃப்/1.2 மாட்டினாலும் 35 மி.மீ.தான். சென்சாரின் அளவு மறைமுகமாகவே வேலை செய்கிறது: அந்த அளவுக்கு எவ்வளவு பெரிய துவாரமுள்ள லென்ஸ் கடையில் கிடைக்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

எல்லாம் கூர்மையாக வேண்டுமென்றால்

இங்கே சிறிய சென்சார்க்காரர்களுக்குக் கவலை குறைவு, ஆனால் ஒரு பொறி இருக்கிறது. மேலே சொன்ன ஆழக் கணக்கெல்லாம் ஃபுல் ஃபிரேமில் 0.03 மி.மீ., கிராப்பில் 0.02, மைக்ரோ ஃபோர் தர்ட்ஸில் 0.015 மி.மீ. வரை பரவிய புள்ளியைக் கண் “கூர்மை” என்றே ஏற்கும் என்ற அடிப்படையில் வந்தவை. 8 × 10 இன்ச் பிரிண்டைக் கையில் பிடித்துப் பார்ப்பதற்கான அளவுகோல் அது. பிரிண்டில் புள்ளி சுமார் 0.2 மி.மீ. வரும். கல்யாண ஆல்பத்தில் 12 × 36 விரித்தால் ஒரு பக்கமே 18 இன்ச். அதை நிரப்பும் படத்தில் அந்தப் புள்ளி 0.38 மி.மீ. ஆகிவிடுகிறது. மடியில் வைத்துப் பார்ப்பவருக்கு அது மங்கலாகவே தெரியும். எனவே ஆல்பத்துக்குப் போகும் படத்துக்கு ஆழம் கணக்கிடும் ஆப் சொல்வதைவிட 2 ஸ்டாப் மூடுங்கள்: எஃப்/2.8 என்று காட்டினால் எஃப்/5.6.

மேடையில் மூன்று வரிசை. முதல் வரிசை 4.5 மீட்டரில், கடைசி வரிசை 6 மீட்டரில் இருக்கட்டும். ஃபுல் ஃபிரேம், 35 மி.மீ. முகம் தேடும் ஆட்டோ ஃபோகஸ் பெரும்பாலும் முன்வரிசையைத்தான் பிடிக்கும். எஃப்/2.8 வைத்திருந்தால், ஆல்ப அளவுகோலில், கூர்மை 3.9 மீட்டரில் தொடங்கி 5.3 மீட்டரில் முடிந்துவிடும். கடைசி வரிசையில் நிற்கும் பெரியப்பா, சித்தப்பா முகமெல்லாம் கேமராவின் சின்னத் திரையில் நன்றாகவே தெரியும். ஆல்பத்தில் சொதசொதவென்று இருக்கும். எஃப்/5.6-இல் 3.4 மீட்டரிலிருந்து 6.5 மீட்டர் வரை கிடைக்கிறது, எல்லாரும் அடங்கிவிடுவார்கள். கிராப் கேமராவில் 23 அல்லது 24 மி.மீ., எஃப்/4 இதே வேலையைச் செய்யும். மைக்ரோ ஃபோர் தர்ட்ஸில் 17 மி.மீ., எஃப்/2.8. எடுத்தவுடன் கடைசி வரிசையின் ஓரத்தில் நிற்பவர் முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டே அடுத்த குடும்பத்தை மேடைக்கு விடுங்கள்.

வரப்பின் புல் முதல் தொலைவில் தெரியும் மலை வரை கூர்மை வேண்டிய நிலக்காட்சிக்கு மூன்று சமமான அமைப்புகள்: ஃபுல் ஃபிரேமில் 24 மி.மீ. எஃப்/11, கிராப்பில் 16 மி.மீ. எஃப்/8, மைக்ரோ ஃபோர் தர்ட்ஸில் 12 மி.மீ. எஃப்/5.6. மூன்றிலும் ஃபோகஸை 1.8 மீட்டரில் வைத்தால் கிட்டத்தட்ட 0.9 மீட்டரிலிருந்து அடிவானம் வரை அடங்கும். மலையின் விவரம் முக்கியம் என்றால் 3 மீட்டருக்குத் தள்ளுங்கள். முன்புல்லில் கொஞ்சம் போகும், பரவாயில்லை.

பயந்துகொண்டு எஃப்/22 வரை மூடினால் வேறு வகையில் கெடும். துவாரம் குறுகக் குறுக ஒளி விளிம்பில் சிதறி முழுப்படமும் மென்மையாகிவிடும். எஃப்/16-இல் ஒவ்வொரு புள்ளியும் சுமார் 0.021 மி.மீ. வட்டமாகிறது, எஃப்/8-இல் 0.011. இந்தச் சிதறல் எல்லா சென்சாரிலும் ஒன்றே. சிறிய சென்சாரில் பெரிதாக்கும்போது அதிகமாகத் தெரிகிறது. ஃபுல் ஃபிரேமில் எஃப்/16, கிராப்பில் எஃப்/11, மைக்ரோ ஃபோர் தர்ட்ஸில் எஃப்/8, ஒரு இன்ச்சில் எஃப்/5.6 என்பதை எல்லையாக வைத்துக்கொள்ளலாம். பூச்சிகளை மேக்ரோவில் எடுப்பவர்கள் “சின்ன சென்சாரில் ஆழம் இலவசமாகக் கிடைக்கும்” என்று நம்புவதுண்டு. ஒரே ஃபிரேமில் ஒரே ஆழம் கிடைக்கும் இடத்தில் இந்தச் சிதறலும் ஒன்றாகவே வந்து நிற்கும். எறும்பு தலை முதல் பின்நுனி வரை கூர்மையாக வேண்டுமென்றால், எந்த சென்சாராக இருந்தாலும், ஃபோகஸை மெல்ல நகர்த்திப் பல படங்கள் எடுத்து ஒன்றாக அடுக்குவதே வழி.

பறவைப் படங்களில் நிலைமை வேறு. அங்கே பின்னால் போவது, லென்ஸ் மாற்றுவது என்ற பேச்சே இல்லை. நிற்கும் இடம் நிலையானது, இருப்பதிலேயே நீண்ட லென்ஸ் ஏற்கெனவே மாட்டியாயிற்று. வேடந்தாங்கலில் 15 மீட்டரில் நிற்கும் சங்குவளை நாரையை 400 மி.மீ. எஃப்/5.6-இல் கிராப் கேமராவில் எடுத்தால் ஆழம் சுமார் 31 செ.மீ.; ஃபுல் ஃபிரேமில் முழுப்படமாகப் பார்த்தால் 47. ஆனால் அந்தப் படத்தை நாரை பெரிதாகத் தெரியும்படி 1.5 மடங்கு வெட்டினால் அதுவும் 31 ஆகிவிடும். எடுத்த பிறகு வெட்டுவதும் சென்சாரைச் சிறிதாக்குவதும் ஒன்றே. நாரை பக்கவாட்டில் நின்றால் 31 செ.மீ. தாராளம். அது நம்மை நோக்கி நின்றால் அலகின் நுனியிலிருந்து வால் வரை அடங்காது. கண்ணில் ஃபோகஸ் வைத்து, எஃப்/8-க்கு மூடுங்கள்.

போனில்

போன் கேமராவின் துவாரம் பெரும்பாலும் மாறாது. நம் கையில் இருப்பது தூரம் மட்டுமே. 24 மி.மீ.க்குச் சமமான முதன்மைக் கேமராவில் 2 மீட்டரில் ஃபோகஸ் செய்தால் சுமார் 1.2 மீட்டரிலிருந்து 5.7 மீட்டர் வரை கூர்மை. போர்ட்ரெய்ட் வசதி தரும் மங்கல் ஒளியால் வருவதல்ல. எது அருகில், எது தூரம் என்று போன் கணித்துப் பின்னணியைக் கணக்குப் போட்டுக் கரைக்கிறது. அதனால்தான் தலையில் வைத்த மல்லிகைச் சரத்தின் ஓரம், காற்றில் பறக்கும் முடி, மூக்குக் கண்ணாடியின் விளிம்பு ஆகியவை தவறாகக் கரைந்துபோகின்றன. அந்த ஓரங்களுக்குப் பின்னால் வெற்று, ஒரே நிறப் பின்னணி வரும்படி நிறுத்தினால் பிழை வெகுவாகக் குறையும். சில போன்களில் எடுத்த பிறகும் மங்கலைக் கூட்டிக் குறைக்க ஒரு ஸ்லைடர் இருக்கும். அதில் எஃப்/4-ஐ ஒட்டி நிறுத்துங்கள், எஃப்/1.4-க்கு இழுத்தால் ஓரத்துப் பிழை எல்லாம் வெளியே தெரிந்துவிடும்.

அருகில் போகும்போது கதை மாறுகிறது. போன்களின் சென்சார் பெரிதாகிக்கொண்டே வருவதால், 20 செ.மீ.யில் ஒரு ரசீதையோ பாஸ்புக் பக்கத்தையோ எடுத்தால் கூர்மை ஆழம் 2.6 செ.மீ.தான். பக்கம் நடுவில் வளைந்திருந்தாலோ போன் சாய்ந்திருந்தாலோ ஒரு பக்கத்து எழுத்து மங்கிவிடும். கை ஆடியது என்று நினைத்து மறுபடி மறுபடி எடுப்பார்கள். 40 செ.மீ. தூரத்துக்குப் பின்னால் போய் 2 மடங்கு ஜூம் வைத்து எடுங்கள். ஆழம் 5 செ.மீ.யை ஒட்டி வந்துவிடும், பக்கத்தின் மேல் போனின் நிழலும் விழாது.

ஆழம் கணக்கிடும் ஆப்களில் கேமரா மாடலை மாற்றாமல் எண்ணைப் படித்துவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. ஃபுல் ஃபிரேம் என்று இருக்கும் ஆப்பில் கிராப் கேமராவின் 50 மி.மீ. எஃப்/2 போட்டால், 12.5-க்குப் பதில் 19 செ.மீ. என்று காட்டும், அதை நம்பி முகத்துக்கு ஃபோகஸ் வைத்தால் காது போய்விடும். கேமரா மாடலைத் தேர்ந்தெடுத்த பிறகு குவிய நீளத்தில் லென்ஸின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணையே போடுங்கள். பெருக்கி வந்த எண்ணைப் போட்டால் ஆப் அதையும் ஒருமுறை பெருக்கிவிட்டது போலாகும். போனுக்குப் பார்க்கும்போது படத்தின் விவரப் பகுதியில் சில போன்கள் உண்மையான குவிய நீளத்தையும் 35 மி.மீ.க்குச் சமமான நீளத்தையும் தனித்தனியே காட்டும். இரண்டில் சிறிய எண்தான் உண்மையானது. அதை எஃப் எண்ணால் வகுத்தால் உங்கள் போனின் துவாரம் எத்தனை மில்லிமீட்டர் என்பது தெரிந்துவிடும்.